மூன்றாவது கவிதை

அத்தியாயம் பதினேழு

கண்ணாடியம்மா மேடையேறச் சம்மதித்துவிட்டாள் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். சம்மதிக்க ஒரு நொடிதான் பிடித்தது. அதற்குப் பிறகு தூக்கம் எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று அவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்த அவள் கணவருக்கும் தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் கண்ணாடியம்மா. தனக்குக் கவிதை வரும் என்பது, மூத்த மகன் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பெரியவன், பாலத்து வளைவில் சறுக்கி விழுந்தான். வீடு திரும்பவில்லை.

அழுது ஓய்ந்த ஒரு மதியம், கடையில் ஆள் வராத நேரத்தில், கைபேசியில் நாலு வரி அடித்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள் கல்லூரியில் படிக்கும் சின்னவள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் நூலகத்தின் கவிதை வாசிப்புக்கு அனுப்பிவைத்துவிட்டாள். அவர்களும் மூன்று கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, "நீங்களே வந்து வாசிங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது கவிதை மருமகளைப் பற்றியது. அவளுக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சின்னவள் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்த தாள்களை மேஜைமேல் பார்த்தார் லிஃப்ட்காரர். கண்ணாடியம்மாவின் கணவருக்கு வெளியில் அதுதான் பெயர். ஊரிலுள்ள பாதி மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைக்குத்தான் மசியும். மூன்று தாளையும் நின்றபடியே படித்தார். மூன்றாவதை இரண்டு முறை படித்தார்.

"மூணையும் வாசிக்கணுமா?"

"ஏன், கூப்பிட்டவங்களே மூணுன்னுதானே சொன்னாங்க."

"மூணாவதை விட்டுடேன்."

"பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

கண்ணாடியம்மாவுக்குச் சுருக்கென்றது. "காரணத்தைச் சொல்லுங்க. பெரியவனைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. சரி, உங்க சுபாவம் அப்படின்னு விட்டுட்டேன். இப்ப என் வாயையும் கட்டணுமா?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே மருமகள் துணி தேய்க்கும் சத்தம் கேட்டது. எடுத்த வாயை மூடிக்கொண்டார். ஏதோ ஒரு கட்டடத்தில் நடுமாடியில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மருமகள், அத்தையின் புடவையைத் தேய்த்து முடித்து, கசங்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பவள். பெரியவன் போன புதிதில் அவளுடைய அம்மா அப்பா வந்து எவ்வளவோ கூப்பிட்டார்கள். "நான் இங்கயே இருக்கேன்" என்று நின்றுவிட்டாள். அன்று நின்றதற்காகக் கண்ணாடியம்மா அவளை மனதுக்குள் கும்பிடாத நாளில்லை.

"பயமா இருக்கா அத்தை?"

"பேசாம கடையைத் திறந்து உக்காந்துக்கலாமான்னு இருக்கு."

மருமகள் சிரித்தாள். பிறகு, புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு, சிரிப்பில்லாமல் சொன்னாள். "அத்தை, நிகழ்ச்சி முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"இப்பவே சொல்லேன்."

"இப்ப வேண்டாம். இன்னிக்கு உங்க நாள்."

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

வேலை மாற்றமாக இருக்கும், மேல்படிப்பாக இருக்கும் என்று கண்ணாடியம்மா நினைத்துக்கொண்டாள். "எனக்கும் உனக்குன்னு ஒண்ணு இருக்கு. அங்க வந்து கேளு" என்றாள்.

* * *

நூலகத்தில் பத்திரிகை படிக்கும் கூடத்தைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மேஜைகள் சுவரோரம் போயிருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன. மேடை என்று சொன்னது ஒரு சாண் உயரப் பலகை. அதன்மேல் ஒரு மைக். கிட்டே போனால் கிர்ரென்று கத்தியது, தள்ளி நின்றால் ஊமையாகிவிட்டது.

"அம்மா, நான் லைவ் போடறேன்" என்று சின்னவள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"அடியேய், தப்பா வாசிச்சா என்ன பண்றது?"

"ஊரே பார்க்கும்."

"எனக்கும் லிங்க் அனுப்பு" என்றாள் மருமகள். வந்ததும் யாருக்கோ தள்ளிவிட்டாள். தட்டும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அனுப்புகிறாள் போலிருக்கிறது என்று கண்ணாடியம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி மழையைப் பற்றி வாசித்தார். மழைகூட அவ்வளவு நேரம் பெய்யாது. அவர் முடிக்கிற சமயத்தில் கண்ணாடியம்மா கைப்பையைத் துழாவினாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் தன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"உங்க அப்பாவுக்குப் போன் போடு! வர்ற வழில வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரச் சொல்லு!"

இன்னொருவர் வாசித்து முடிப்பதற்குள் லிஃப்ட்காரர் வந்துவிட்டார். சட்டையில் கிரீஸ் கறை. சட்டை மாற்றக்கூட நிற்காமல் ஓடிவந்திருக்கிறார். வரிசைக்கு நடுவே குனிந்தபடி வந்து கண்ணாடிக் கூட்டை அவள் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சொன்னாக் கேளு. மூணாவது வேண்டாம்."

"இங்க வந்துமா?"

"கெஞ்சிக் கேக்கறேன்னு வச்சுக்கோ."

அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. என்ன ஏது என்று கேட்பதற்குள் நூலகப் பொறுப்பாளர் அம்மாள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார். கைதட்டினார்கள். கண்ணாடியம்மா எழுந்து நடந்தாள்.

பலகைமேல் ஏறி நின்றதும் முதலில் தெரிந்தது முகங்கள். கடையில் ஒரு சமயத்தில் ஒரு முகம்தான் எதிரில் இருக்கும். இங்கே அத்தனை முகமும் அவளிடம் ஏதோ வாங்க வந்ததுபோல் காத்திருந்தது.

"வணக்கம்" என்றாள். அந்த வணக்கம் கூடத்தின் கோடியிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வேறு யாரோ ஒரு பொம்பளையின் குரலில் வந்தது. பயந்து மைக்கைவிட்டு விலகினாள். "கிட்ட வாங்க, கிட்ட வாங்க" என்று முன்வரிசையில் ஒருவர் கையை ஆட்டினார்.

முதல் கவிதை.

*பெரியவர் ஒருவருக்குக்*
*கண்ணாடி மாட்டிவிட்டுக் கேட்கிறேன்:*
*எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா?*
*அவர் என்னை உற்றுப் பார்த்துச் சொல்கிறார்:*
*தெரியாமலே இருந்திருக்கலாம்.*

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அது அப்படியே முன்னால் பரவிவந்தது. கண்ணாடியம்மா மைக்கைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

இரண்டாவது கவிதையை எடுத்தாள். "இது என் பையனுக்கு" என்றாள்.

*தெருவில் யாரோ*
*உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.*
*நான் திரும்பிப் பார்க்கிறேன்.*
*எவனோ ஒருவன்*
*இதோ வந்துட்டேன் என்கிறான்.*
*எவ்வளவு சுலபமாக*
*வந்துவிடுகிறார்கள்*
*மற்றவர்களின் பிள்ளைகள்.*

யாரும் கைதட்டவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். முன்னால் உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கண்ணாடியம்மா அந்த மௌனத்துக்கு முன்னால் நின்றாள். மூன்று வருஷமாக அவள் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றியவர்கள் உண்டு. "மனசைத் தேத்திக்கோங்க" என்று எழுந்து போனவர்கள் உண்டு. முதல் தடவையாக ஒரு கூடமே கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லப்போனால், அது இனித்தது. மகனைப் பற்றிய துக்கத்தில் இப்படியொரு இனிப்பு இருக்க முடியுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலவும் இருந்தது.

கூடத்தின் பின்னால் கதவோரம் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

கை ஒரு நொடி தயங்கியது. ஆனால் அந்த மௌனம் அவளை இழுத்தது.

"இது என் மருமகளுக்கு" என்றாள். "அதோ, ரெண்டாவது வரிசைல உக்காந்திருக்கா."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மருமகள் திடுக்கிட்டு, கையிலிருந்த கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

*அலமாரியில்*
*அவன் சட்டைகள் இருக்கும் பக்கத்தை*
*அவள் பூட்டுவதில்லை.*
*வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால்*
*கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்கிறாள்.*
*எங்களுக்கு அவன் இல்லை.*
*அவளுக்கு*
*இன்னும் வந்து சேரவில்லை.*
*அவள் காத்திருக்கும்வரை*
*என் மகன் சாகவில்லை.*

வாசித்து நிமிர்ந்தாள். மருமகள் அழுதிருப்பாள், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மருமகள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்காதபடி குனிந்து, வரிசையைவிட்டு மெதுவாக வெளியே நடந்தாள்.

"பாவம், தாங்க முடியல அந்தப் பொண்ணுக்கு" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

* * *

வெளியே தாழ்வாரத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு. மருமகள் அதில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட்காரர் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கண்ணாடியம்மா மூச்சு வாங்க வந்தாள்.

"ஏம்மா, எழுந்து வந்துட்டே? மனசு கஷ்டமாயிடுச்சா?"

"நல்லா வாசிச்சீங்க அத்தை."

"அதை விடு. நீ ஏன் வந்தே?"

"எல்லாரும் என்னைப் பார்த்தாங்க." மருமகள் தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள். "பாவம்னு பார்த்தாங்க. அந்த நாற்காலில எப்படி உக்காந்திருக்கணும்னே எனக்குத் தெரியல."

"நான் உன்னை உசத்தித்தானே எழுதினேன் கண்ணு?"

"தெரியும் அத்தை. அதான் கஷ்டமா இருக்கு."

உள்ளே அடுத்தவர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். மருமகள் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் 'சொல்லு' என்பதுபோல் தலையசைத்தார்.

"வண்டிச் சத்தம் கேட்டா நான் நிமிர்றேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க கவனிச்சது நிஜம். முதல் ரெண்டு வருஷம் அவர் வண்டின்னு நினைச்சுத்தான் நிமிர்ந்தேன். ஆனா இப்ப கொஞ்ச மாசமா..." குரல் தேய்ந்தது. "இப்ப நான் நிமிர்றது வேற ஒருத்தர் வண்டிக்கு."

கண்ணாடியம்மாவுக்கு வார்த்தைகள் காதில் விழுந்தன. அர்த்தம் வந்து சேர நேரமாயிற்று.

"ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவர். காலைல வண்டில நம்ம தெரு வழியா வந்து முனைல நிப்பார். என் கதை எல்லாம் தெரியும். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். இன்னிக்கு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வீட்லேருந்து உங்களைப் பார்க்க வரட்டுமான்னு கேக்கணும்னு இருந்தேன். எங்க அம்மா அப்பாகிட்ட போகல அத்தை. உங்ககிட்டதான் கேக்கணும்னு நினைச்சேன்."

கண்ணாடியம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"போன மாசம் சொன்னா. நீயே உங்க அத்தைகிட்ட சொல்லும்மான்னு சொன்னேன். அவ வாயால வரவேண்டிய விஷயம். நடுவுல நான் யாரு?"

"அதுக்காக என்னை மேடையேத்தி..."

"ரெண்டு தடவை சொன்னேனே. வேற எப்படிச் சொல்லட்டும்?"

கண்ணாடியம்மாவுக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. கைக்கு எட்டியவள்மேல் அது பாய்ந்தது.

"அப்ப அந்த அலமாரி? அவன் சட்டையெல்லாம் அப்படியே வச்சிருக்கியே, அது என்ன வேஷமா?"

லிஃப்ட்காரர், "இந்தா!" என்று அதட்டினார். மருமகள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"வேஷம் இல்ல அத்தை. எடுக்க மனசு வரல. இப்பவும் வரல. அவரை நினைக்காத நாள் ஒண்ணுகூட இல்ல. அதுவும் எனக்குள்ள இருக்கு, இதுவும் இருக்கு. எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. உங்களை மாதிரி எழுதத் தெரிஞ்சா ஒருவேளை சொல்லியிருப்பேன்." நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உங்க கவிதைல அவர் சாகல. ஆனா அதுக்கு நான் காத்துக்கிட்டே இருக்கணும். என் ஆயுசு பூராவும். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டிடுச்சு அத்தை."

கண்ணாடியம்மா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த தாள்கள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்போது மருமகளின் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தவளின் முகம் வெளிறிப்போயிற்று.

"யாரு?"

"அவரோட அம்மா." கைபேசியைக் காட்டினாள். "அவருக்கு லிங்க் அனுப்பினேன் அத்தை. எங்க அத்தை வாசிக்கறாங்க, வீட்ல எல்லாருக்கும் காட்டுங்கன்னு. பெருமையா அனுப்பினேன்."

ஒரு முறை அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடும்மா" என்றார் லிஃப்ட்காரர்.

மருமகள் எடுத்தாள். "ஆமாங்க... ஆமா, நான்தான்... இல்லைங்க, அவங்களுக்குத் தெரியாது, இப்பதான் சொன்னேன்... பக்கத்துலதான் இருக்காங்க." கைபேசியைக் காதிலிருந்து எடுத்து நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

கண்ணாடியம்மா வாங்கிக் காதில் வைத்தாள்.

"நான் சண்டை போடக் கூப்பிடலைங்க" என்றது அந்தப் பக்கக் குரல். வயதான, களைத்த குரல். "நீங்க வாசிச்சதைக் கேட்டு நானும் அழுதுட்டேன். பெத்தவதானே நானும். ஆனா எனக்கு ஒரே பிள்ளை. அந்தப் பொண்ணு மனசுல இன்னும் உங்க பையன்தான்னா, என் பிள்ளை எங்கங்க நிப்பான்? ஒளிக்காம சொல்லுங்க. நீங்க வாசிச்சது நிஜம்தானா? அவ இன்னும் அவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காளா?"

தாழ்வாரத்தில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாள் அத்தோடு பின்வாங்கிவிடுவாள். மருமகள் வீட்டிலேயே இருப்பாள். நாளைக்கும் துணி தேய்த்துக் கொடுப்பாள், அத்தை என்று கூப்பிடுவாள், அலமாரி அப்படியே இருக்கும். யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் வாசித்தாயிற்று. கைதட்டியும் ஆயிற்று.

கண்ணாடியம்மா பக்கத்தில் பார்த்தாள். மருமகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெஞ்சவுமில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தீர்ப்புக்கு உட்கார்ந்திருப்பவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சின்னப் பெண் என்று அன்றுதான் பார்ப்பதுபோலிருந்தது.

"இருக்கீங்களா?" என்றது குரல்.

"இருக்கேங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?"

"அவ இல்லைங்க" என்றாள் கண்ணாடியம்மா. "நான் தப்பா எழுதிட்டேன். காத்துக்கிட்டிருந்தது நான்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவளுக்கே கேட்டது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவன் இப்படிக் கையைவிட்டுப் போகவில்லை.

அந்தப் பக்கம் யாரோ ஆண் குரலில் ஏதோ கேட்பதும், "நீ சும்மா இரு" என்று அவள் அடக்குவதும் மங்கலாகக் கேட்டது.

"நீங்க இப்படிச் சொல்றீங்க" என்றது கடைசியில் அந்தக் குரல். "ஆனா எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் பார்த்துட்டாங்களேம்மா. அவங்களுக்கு நான் என்ன சொல்றது? யோசிச்சுச் சொல்றேன்."

தொடர்பு அறுந்தது.

(தொடரும்)